அரவேணு எப்படி ஆறு கேள்விக்குறி ஆனது?

போன பதிவுக்குக் கீழே ஒரு நண்பர், "டேட்டாபேஸ் கனெக்ட் ஆகுது, ஆனா தமிழ் மட்டும் ???? என்று வருது, என்ன பண்ணலாம்?" என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு வரியில் அடங்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்குச் சொந்தமாக ஒரு காயம் இருக்கு, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வலைச்செயலி எழுதுகிறவர்கள் முதலில் பயப்படுவது கனெக்‌ஷன் எரருக்கு. என்னைக் கேட்டால் அது நல்ல ஜாதி எரர். வாசலிலேயே நின்று சத்தம் போடும். டிரைவர் கிடைக்கவில்லை என்று பிஎச்பி சொன்னால், அந்த டேட்டாபேஸுக்கான எக்ஸ்டென்ஷன் நிறுவப்படவில்லை, அல்லது நிறுவியது வேறொரு பிஎச்பி பதிப்புக்கு. கமாண்ட் லைனில் ஓடும் பிஎச்பியும் வெப் சர்வரில் ஓடும் பிஎச்பியும் வேறு வேறாக இருப்பது சகஜம். 1045 என்று வந்தால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தப்பு, இல்லாவிட்டால் அந்தப் பயனருக்கு அந்த இடத்திலிருந்து நுழைய அனுமதி இல்லை. 2002 வந்தால் சர்வர் ஓடவில்லை, அல்லது சாக்கெட் ஃபைலை வேறு இடத்தில் தேடுகிறது. இதில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. லினக்ஸில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று கொடுத்தால் மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் நெட்வொர்க் பக்கமே போகாது, சாக்கெட் ஃபைலைத் தேடும். 127.0.0.1 என்று கொடுத்தால்தான் டிசிபி வழியாகப் போகும். இரண்டும் ஒன்று என்று நினைத்து நான் ஒரு முழு ராத்திரியை இழந்திருக்கேன்.

2018ல் மைஎஸ்க்யூஎல் 8.0 வந்தபோது கடவுச்சொல் சரிபார்க்கும் முறையையே மாற்றினார்கள். பழைய டிரைவருக்கு அந்தப் புது முறை தெரியாது. 'இந்த முறை எனக்குத் தெரியாது' என்று சொல்லி நின்றுவிடும். டிரைவரைப் புதுப்பித்தால் முடிந்தது. எங்க ஊர் ஆட்களுக்கு ரொம்பப் பழக்கமான இன்னொன்று, 'சர்வர் போய்விட்டது' என்கிற 2006. கோத்தகிரி மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு மரம் விழுந்தால் போதும், அரவேணுவில் இன்டர்நெட் இருக்காது. லைன் திரும்ப வந்ததும் நம்ம புரோகிராம் பழைய கனெக்‌ஷனையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். மறுமுனையில் ஆள் இல்லை என்பது அதற்குத் தெரியாது. லினக்ஸ் தானாகச் சோதித்துப் பார்க்கும் கீப்அலைவ், மாற்றாமல் விட்டால், 7200 விநாடி சும்மா இருந்த பிறகுதான் தொடங்கும், அதுவும் அந்தக் கனெக்‌ஷனில் அது இயக்கப்பட்டிருந்தால். மரம் விழாமலேயே, சும்மா இருக்கும் கனெக்‌ஷனை மைஎஸ்க்யூஎல் 28800 விநாடியில், அதாவது எட்டு மணி நேரத்தில், தானே அறுத்துவிடும். ராத்திரி யாரும் வராத தளம் காலையில் முதல் ஆள் வந்ததும் எரர் காட்டுவது இதனால்தான். பயன்படுத்தும் முன் கனெக்‌ஷன் உயிரோடு இருக்கா என்று பார்த்து, இல்லையென்றால் புதிதாகத் திறக்கிற மாதிரி எழுதினால் சரியாகிவிடும்.

இதெல்லாம் சத்தம் போடுகிற வகை. தேடினால் விடை கிடைக்கும், டேட்டாவுக்கு ஆபத்து இல்லை. நண்பர் கேட்டது வேறு வகை. கனெக்‌ஷன் வெற்றி, சேமிப்பு வெற்றி, எரர் எதுவும் இல்லை, உள்ளே போன தமிழ் மட்டும் இல்லை.

என் கதைக்கு வருகிறேன். பல வருஷமாக நான் நீலகிரியின் இடப்பெயர்களைச் சேகரித்து வருகிறேன். ஊர்ப்பெயர்கள் வரைபடத்திலேயே இருக்கு. எனக்கு வேண்டியது அதற்குள்ளே இருப்பவை. ஒரு ஹட்டிக்குப் பக்கத்து மேட்டுக்கு என்ன பெயர், ஓடைக்கு என்ன பெயர், இப்போ தேயிலையாக இருக்கும் சரிவை முன்னாடி என்னவென்று சொன்னார்கள் என்பது மாதிரி. எழுபது வயசுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் இவை தெரியும். இதையெல்லாம் போட்டு வைக்க 2009ல் ஒரு சின்னத் தளம் எழுதினேன். வாடகை சர்வர், பிஎச்பி, மைஎஸ்க்யூஎல். அன்றைக்கு எல்லாரும் பயன்படுத்திய பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்கள். எழுத்துரு, குறியாக்கம் எதையும் யோசிக்கவில்லை. தமிழில் அடித்தேன், தமிழில் தெரிந்தது. வேறென்ன வேண்டும்?

2015 கடைசியில் பிஎச்பி 7 வந்தது. அதில் அந்தப் பழைய ஃபங்ஷன்களை அடியோடு நீக்கிவிட்டார்கள். வருவது முன்னாடியே தெரிந்ததால், அந்த ஐப்பசி மழையில் வீட்டில் முடங்கியிருந்தபோது, தளத்தைப் பிடிஓ என்கிற புது டிரைவருக்கு மாற்ற ஆரம்பித்தேன். முதலில் பதிவு போடும் படிவத்தை மட்டும் மாற்றினேன். காட்டும் பக்கங்கள் பழைய டிரைவரிலேயே ஓடின. கனெக்‌ஷன் வரியில், ஒழுங்கான ஆள் மாதிரி, எழுத்துக்குறி யூடிஎஃப்8 என்றும் சேர்த்தேன். அந்த ஒழுங்குதான் கெடுத்தது.

மூணு வாரம் அந்தப் படிவத்தில் பதிவு போட்டேன். ஒவ்வொரு முறையும் 'பதிவு சேமிக்கப்பட்டது' என்று ஒரு எண்ணோடு வந்தது. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை தளத்தைத் திறந்து பார்த்தால், பழைய பதிவுகள் எல்லாம் பத்திரம். புதியவை ஐம்பத்து மூன்றும் கேள்விக்குறி. அரவேணு இருந்த இடத்தில் ஆறு கேள்விக்குறி.

ஏன் ஆறு? நம் கண்ணுக்கு அது நாலு எழுத்து: அ, ர, வே, ணு. யூனிகோடில் அது ஆறு குறிகள்: அ, ர, வ, ஏகாரக் குறி, ண, உகரக் குறி. யூடிஎஃப்8 முறையில் இந்த ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட். அ என்பது 224, 174, 133. ர என்பது 224, 174, 176. ஆக அரவேணு என்பது 6 குறி, 18 பைட். இந்த இரண்டு எண்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி தேவைப்படும்.

நடந்தது என்ன என்பதற்கு, கனெக்‌ஷன் என்றால் வெறும் குழாய் அல்ல என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கிளையன்ட் உள்ளே நுழையும்போது 'நான் அனுப்புவது இன்ன குறியாக்கம், நீ எனக்குத் தரவேண்டியதும் அதே' என்று சொல்லிவிட்டுத்தான் நுழைகிறது. இலை எடுக்கிற இடத்தில் மூட்டை மேல் கட்டியிருக்கும் சீட்டை மட்டும் பார்த்துக் கணக்கில் எழுதுகிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். பிரித்துப் பார்க்க மாட்டார். மைஎஸ்க்யூஎல் சர்வர் அப்படித்தான். சீட்டில் என்ன இருக்கோ அதை நம்பும். மறுபுறம், டேபிளின் ஒவ்வொரு எழுத்து ஃபீல்டுக்கும் தனியாக ஒரு குறியாக்கம் உண்டு. சீட்டும் ஃபீல்டும் ஒன்றாக இருந்தால் அப்படியே உள்ளே வைக்கும். வேறாக இருந்தால் மாற்றி வைக்கும்.

மைஎஸ்க்யூஎல் பிறந்தது ஸ்வீடனில். 5.7 வரைக்கும், நாம் எதுவும் சொல்லாவிட்டால், டேபிள்கள் லத்தீன்1 குறியாக்கத்தில், ஸ்வீடிஷ் அகரவரிசையில்தான் உருவாகும். நீலகிரி ஓடைகளின் பெயர்களை நான் ஆறு வருஷமாக ஸ்வீடிஷ் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போ ஆறு வருஷம் தமிழ் எப்படிச் சரியாகத் தெரிந்தது? இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி. பழைய டிரைவர் சீட்டில் லத்தீன்1 என்று பொய் சொன்னது, அனுப்பியதோ யூடிஎஃப்8 பைட்கள். ஃபீல்டும் லத்தீன்1. சீட்டும் ஃபீல்டும் ஒன்று, அதனால் மாற்றம் இல்லை, 18 பைட்டும் அப்படியே உள்ளே. எடுக்கும்போதும் அதே பொய், அதே 18 பைட் வெளியே. பிரௌசர் அதைத் தமிழாகக் காட்டியது. யூனிகோடுக்கு முன்னாடி டிஸ்கி, டேப் எழுத்துருக்களில் இயங்கிய தளங்களும் இப்படித்தான் பிழைத்தன. அங்கே ஒரு பைட்டுக்கு ஒரு குறி, தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை, டேட்டாபேஸுக்கு அது தமிழ் என்றே தெரியாது.

நான் புது டிரைவரில் உண்மையைச் சொன்னேன்: வருவது யூடிஎஃப்8. சர்வர் இப்போ மாற்றியாக வேண்டும். 'அ' என்ற குறிக்கு லத்தீன்1ல் இடம் உண்டா? இல்லை. ஒரு கேள்விக்குறி. 'ர'? இல்லை. இன்னொன்று. ஆறு குறிக்கு ஆறு கேள்விக்குறி. கவனியுங்கள், இது காட்டுவதில் வந்த கோளாறு இல்லை. கேள்விக்குறிதான் டிஸ்கில் எழுதப்பட்டது. மூலம் எங்கேயும் இல்லை.

சர்வர் இதைச் சொல்லாமலும் இல்லை. 1366 என்று ஒரு எச்சரிக்கை எழுப்பியிருக்கும். ஆனால் எச்சரிக்கை வேறு, எரர் வேறு. பிடிஓ எரரைத்தான் நம்மிடம் கொண்டுவரும், எச்சரிக்கையை நாமாகப் போய் 'ஷோ வார்னிங்ஸ்' என்று கேட்க வேண்டும். யார் கேட்டார்கள்? 5.7ல் கண்டிப்பு முறை இயல்பாகவே இயங்க ஆரம்பித்தது. அது இருந்திருந்தால் முதல் பதிவிலேயே எரர் விழுந்து நின்றிருக்கும். எனக்குக் கிடைத்தது பழைய பதிப்பு, கண்டிப்பு இல்லாதது. இந்த அமைப்பை 'தொந்தரவு' என்று சொல்லி அணைத்து வைக்கச் சொல்லும் பதில்கள் இணையத்தில் நிறைய கிடைக்கும். தமிழ் டேட்டா வைத்திருக்கிறவர்கள் அந்தப் பேச்சைக் கேட்கவே கூடாது.

இன்னொரு கொடுமையும் உண்டு. பிஎச்பி 5.3.6க்கு முன்னாடி, பிடிஓ கனெக்‌ஷன் வரியில் குறியாக்கம் என்று நாம் எழுதியதை டிரைவர் படிக்கவே படிக்காது. எரர் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. எழுதியிருக்கோம் என்ற நிம்மதி மட்டும் நமக்கு. அதே கோடைப் புது பிஎச்பிக்குக் கொண்டுபோன அன்றைக்குத்தான் அந்த வரி முதன்முறையாக வேலை செய்யும். 'ஒரு வரி கூட மாற்றலையே, எப்படிக் கெட்டது?' என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களில் சிலருடைய கதை இதுதான்.

இனி, உங்க டேபிள் எந்த நிலையில் இருக்கு என்று கண்டுபிடிப்பது. திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிரௌசர், டிரைவர், நிர்வாகக் கருவி எல்லாமே அவரவர் வழியில் மாற்றிக் காட்டும். சர்வரையே எண்ணச் சொல்லுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் 'லெங்த்' பைட்களை எண்ணும், 'சார் லெங்த்' குறிகளை எண்ணும். அரவேணு என்று இருக்க வேண்டிய ஒரு வரியில் இரண்டையும் கேளுங்கள். 6 குறி, 18 பைட் என்றால் ஆரோக்கியம். உள்ளே தமிழ் தமிழாகவே இருக்கு, கோளாறு வெளியே எங்கேயோ. 18 குறி, 18 பைட் என்றால் என் பழைய பதிவுகளின் நிலை: பைட்கள் சரி, டேபிளின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்தான் தப்பு. 6 குறி, 6 பைட் என்றால் கேள்விக்குறி. முடிந்தது, பேக்கப்பைத் தேடுங்கள்.

நாலாவது ஒன்று இருக்கு: 18 குறி, 38 பைட். இரண்டாவது நிலையில் இருந்த டேபிளை யாரோ 'யூடிஎஃப்8க்கு மாற்று' என்று நேரடியாக மாற்றியிருப்பார்கள். சர்வர் அந்த 18 பைட்டையும் பதினெட்டு ஐரோப்பிய எழுத்துகளாக நம்பி ஒவ்வொன்றையும் மறுபடி குறியாக்கியிருக்கும். திரையில் பார்த்திருப்பீர்கள்: தலையில் சாய்ந்த கோடு போட்ட சின்ன 'ஏ', பக்கத்தில் ஜவுளிக்கடைப் பெயர்ப்பலகையில் வருமே அந்த வட்டத்துக்குள் 'ஆர்', அப்புறம் ஏதோ ஒன்று, மறுபடி 'ஏ', மறுபடி 'ஆர்'. காரணம், தமிழ்க் குறி எல்லாமே 224ல் தொடங்கும், அடுத்தது 174 அல்லது 175. லத்தீன்1ல் 224தான் அந்த 'ஏ', 174தான் அந்த 'ஆர்'. பார்க்க அலங்கோலம், ஆனால் எதுவும் தொலையவில்லை. கேள்விக்குறியைப் பார்த்து 'பரவாயில்லை, கொஞ்சம் சுத்தமா இருக்கு' என்றும், இதைப் பார்த்து 'எல்லாம் போச்சு' என்றும் தோன்றும். உண்மை நேர்மாறு.

சரிசெய்யும் வழி. எதைத் தொடுவதானாலும் முதலில் பிரதி எடுத்து, பிரதியில் செய்து பாருங்கள். 18/18 நிலைக்கு, அந்த ஃபீல்டை முதலில் பைனரி வகைக்கு, அதாவது டெக்ஸ்ட் என்றால் பிளாப் ஆக, மாற்றுங்கள். பைனரிக்குக் குறியாக்கம் கிடையாது, அதனால் சர்வர் எதையும் தொடாது. அதன்பிறகு அங்கிருந்து யூடிஎஃப்8எம்பி4 எழுத்து வகைக்கு மாற்றுங்கள். சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுச் சீட்டு ஒட்டுகிற வேலை, அவ்வளவுதான். 18/38 நிலைக்கு, அந்த மதிப்பை லத்தீன்1க்கு மாற்றி, அதை பைனரி ஆக்கி, பைனரியை யூடிஎஃப்8எம்பி4 என்று படிக்கச் சொன்னால் தமிழ் திரும்பி வரும். டேபிளில் சில வரி ஒரு நிலையிலும் சில வரி இன்னொரு நிலையிலும் இருக்கலாம். மேலே சொன்ன எண்ணிக்கையை வைத்துப் பிரித்து, தனித்தனியாகச் செய்யுங்கள். பேக்கப் எடுக்கும்போதும் இதே சிக்கல் வரும். 18/18 நிலையில் இருக்கும் டேபிளைச் சும்மா டம்ப் எடுத்தால், அந்த ஃபைலுக்குள் போவது இரட்டைக் குறியாக்கம்தான். டம்ப் கட்டளையிலும் லத்தீன்1 என்று பழைய பொய்யையே சொல்லி எடுக்க வேண்டும்.

ஏன் யூடிஎஃப்8எம்பி4, வெறும் யூடிஎஃப்8 போதாதா? மைஎஸ்க்யூஎல்லில் யூடிஎஃப்8 என்ற பெயரில் இருந்தது மூணு பைட் வரைக்கும்தான் தாங்கும். நாலு பைட் வரை தாங்குவது 2010ல் வந்த 5.5.3 பதிப்பிலிருந்து, யூடிஎஃப்8எம்பி4 என்ற வேறு பெயரில். 'தமிழுக்கு மூணு பைட்தானே, எமோஜி போடுகிறவர்கள்தானே கவலைப்படணும்?' என்று நானும் இருந்தேன். 2019ல் வந்த யூனிகோட் 12ல் தமிழுக்கு இன்னொரு தொகுதி சேர்த்தார்கள். பழைய நிலக்கணக்குகளில் வரும் முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறியீடுகள், தானிய அளவைக் குறியீடுகள் எல்லாம் அதில் உண்டு. 320ல் ஒரு பங்கான முந்திரிக்கு 240, 145, 191, 128 என்று நாலு பைட். கல்வெட்டு வாசகத்தில் நிலஅளவு வரும் இடத்தில் அந்தக் குறியீட்டையே போட்டால், கனெக்‌ஷனும் ஃபீல்டும் பழைய யூடிஎஃப்8ஆக இருந்து கண்டிப்பும் இல்லாவிட்டால், வாசகம் சரியாக அந்த இடத்தில் வெட்டுப்படும். எவ்வளவு நிலம் என்பதற்கு முன்னாடி தானம் நின்றுவிடும்!

மைஎஸ்க்யூஎல்லை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில், இயல்பான அமைப்பில், 'வார்சார்' ஃபீல்டில் தமிழைப் போட்டாலும் கேள்விக்குறிதான். 'என்வார்சார்' வேண்டும். ஃபீல்டு சரியாக இருந்து, கட்டளையில் மேற்கோளுக்கு முன்னால் அந்த ஒற்றை 'என்' எழுத்தை விட்டாலும் அதே கதி. ஓடிபிசி டிரைவரில் ஆன்சி என்றும் யூனிகோட் என்றும் இரண்டு வரும்போது ஆன்சியைத் தேர்ந்தெடுத்தாலும் கதை இதுவே. இதில் நமக்கு மட்டும் ஒரு கூடுதல் நஷ்டம். விண்டோஸில் ரஷ்ய மொழிக்கு 1251, அரபிக்கு 1256, தாய் மொழிக்கு 874 என்று பழைய எட்டு பிட் பக்கங்கள் உண்டு. யூனிகோட் அல்லாத டிரைவரில் போனாலும் அவர்கள் ஊரில் எப்படியோ பிழைத்துக்கொள்வார்கள். தமிழுக்கு அப்படி ஒரு பக்கம் கிடையாது. வழியில் ஒரே ஒரு இடம் யூனிகோட் இல்லை என்றாலும் நமக்குக் கேள்விக்குறிதான்.

மைஎஸ்க்யூஎல் 8.0லிருந்து இயல்பே யூடிஎஃப்8எம்பி4. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தப்பித்தார்கள். பழைய தளத்தைப் புது சர்வருக்குக் கொண்டுபோகிறவர்கள்தான், நண்பரைப் போல, இப்போ மாட்டுகிறார்கள். மாற்றிய அன்றைக்கே ஒரு தமிழ்ச் சொல்லைப் படிவம் வழியாகப் போட்டு, நேரே சர்வரில் போய் எண்ணிப் பாருங்கள். நான் இப்போதும் 'அரவேணு' என்றுதான் போடுகிறேன்.

என் ஐம்பத்து மூன்று பதிவுகளில் பெரும்பாலானவை நோட்டில் இருந்தன, திரும்ப அடித்துவிட்டேன். நோட்டில் இல்லாதது ஒன்று. ஒரு ஹட்டிப் பெரியவர் ஃபோனில் ஓடைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்ல, நான் நேரே படிவத்தில் அடித்தது. பதினோரு பெயர். விஷயம் தெரிந்து நான் திரும்பக் கூப்பிடுவதற்குள் அவர் இறந்திருந்தார்.

கேள்விக்குறியாக மாறும்போதும் இடைவெளியும் காற்புள்ளியும் எண்களும் மாறுவதில்லை, அவற்றுக்கு லத்தீன்1ல் இடம் உண்டு. அதனால் பதினோரு பெயரின் உருவம் மட்டும் மிச்சம். ஐந்து கேள்விக்குறி, இடைவெளி, நாலு கேள்விக்குறி. கடைசி நாலு 'ஹள்ள'வாகத்தான் இருக்கணும், ஓடை என்று அர்த்தம். முன்னால் இருக்கும் ஐந்து 'தொட்ட'வாக இருக்கலாம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் மகள் வீட்டுக்குப் போனேன். "அப்பா சொன்ன மாதிரி எனக்கு வரிசையா வராது தம்பி, ஞாபகம் இருக்கிறதைச் சொல்றேன்" என்றார் அந்த அக்கா. எட்டுப் பெயர் சொன்னார். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் குறி குறியாக எண்ணிப் பொருத்தினேன். ஏழு பொருந்தின. எட்டாவது பட்டியலில் எந்த இடத்திலும் அளவு சேரவில்லை, அது பெரியவர் சொல்லாமல் விட்ட ஓடையாக இருக்கலாம் என்று தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன். மீதி நாலு இடத்தில் இன்னும் கேள்விக்குறிதான் இருக்கு. அந்த வரியை நான் அழிக்கவில்லை.